பசிக்குக் காரணம் யார் என்று கேட்டவர்கள்: ஆப்பிரிக்க எழுத்தாளர்களும் வறுமையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். இரண்டு ஆண்டுகளாக ஆப்பிரிக்க நாவல்களையும் நாடகங்களையும் கவிதைகளையும்தான் படித்து வருகிறோம். புதிதாக வந்து சேருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. நடுநிலையாக எழுத நான் முயலவில்லை. இந்த எழுத்தாளர்கள் மீது எனக்குள்ள மதிப்பு ஒவ்வொரு பதிலிலும் தெரியும்.

ஆப்பிரிக்கா என்றாலே வறுமைதானா?

இல்லை. 54 நாடுகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மொழிகளும் கொண்ட கண்டத்தை ஒரு சொல்லில் அடைப்பது நியாயமில்லை. ஆனால் கொடிய வறுமை அங்கே குவிந்து கிடக்கிறது என்பதும் உண்மை. உலக வங்கி தீவிர வறுமைக்கு ஓர் எல்லைக்கோடு வைத்திருக்கிறது. 2022 முதல் அது ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2.15 டாலராக இருந்தது. 2025 ஜூனில் 3 டாலராக உயர்த்தினார்கள். அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பக் கணக்கிடப்படும் தொகை அது. அந்தக் கோட்டுக்குக் கீழே வாழ்கிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கிறார்கள். உலக மக்கள்தொகையிலோ அந்தப் பகுதியின் பங்கு ஆறில் ஒன்றுதான்.

இந்த எண்கள் வரும் முன்பே கதைகள் வந்துவிட்டன.

வறுமையைப் பற்றி எல்லா நாட்டிலும்தான் எழுதுகிறார்கள். இவர்களிடம் அப்படி என்ன தனியாக இருக்கிறது?

வறுமையை விதி என்றோ வானம் பொய்த்தது என்றோ சொல்லி விட்டுவிட இவர்கள் மறுத்தார்கள். யார் எடுத்துக்கொண்டார்கள், எப்படி எடுத்தார்கள், எந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்று கேட்டார்கள். கென்யாவில் அந்தக் கேள்வி நிலத்தைப் பற்றியது. நைஜீரியக் கழிமுகத்தில் எண்ணெயைப் பற்றியது. செனகலில் அரசு அலுவலகத்தின் கதவைப் பற்றியது. தான்சானியாவில் கடனைப் பற்றியது. பசியை வருணித்தவர்கள் உலகெங்கும் உண்டு. பசிக்குக் காரணமானவரின் முகவரியைத் தேடிப்போனவர்கள் குறைவு. தேடிப்போனவர்களை எந்த அரசும் சும்மா விடவில்லை.

கூகி வா தியாங்கோவின் பெயர் அடிக்கடி வருகிறது. ஒரு நாடகத்துக்காகவா அவரைச் சிறையில் அடைத்தார்கள்?

ஆம், ஒரு நாடகத்துக்காகத்தான். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கூகி 1938-ல் கென்யாவின் லிமுரு பகுதியில் கமிரீத்து என்ற ஊரில் பிறந்தார். வளமான மேட்டுநிலங்களை வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டு, அந்த நிலத்துக்கு உரியவர்களையே கூலிகளாக்கியிருந்த காலம். 1950களில் நிலத்துக்காகவும் விடுதலைக்காகவும் மாவ் மாவ் கிளர்ச்சி வெடித்தது. 1955-ல் உயர்நிலைப் பள்ளியிலிருந்து முதல் விடுமுறைக்கு வீடு திரும்பிய கூகி, ஊர் இருந்த இடத்தில் ஊரே இல்லாததைக் கண்டார். ஆங்கிலேயப் படையினர் வீடுகளை இடித்து, மக்களைக் காவலுக்கு வசதியான புதிய குடியிருப்புக்குள் ஓட்டியிருந்தார்கள். இன்றைய கமிரீத்து அப்படி உருவான ஊர்.

1963-ல் கென்யா விடுதலை பெற்றது. கூகி ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதிப் புகழ்பெற்றார். நைரோபி பல்கலைக்கழகத்தில் இலக்கியத் துறையின் தலைவரானார். 1976-ல் ஒருநாள் காலையில் கமிரீத்துவிலிருந்து ஒரு பெண் அவர் வீட்டுக்கு வந்தார். நீங்கள் நிறையப் படித்தவர், புத்தகம் எழுதுகிறவர் என்கிறார்கள். அந்தப் படிப்பில் கொஞ்சத்தை ஊருக்குத் தரக்கூடாதா, முழுவதையும் கேட்கவில்லை, கொஞ்சம் படிப்பும் கொஞ்சம் நேரமும் போதும் என்று கேட்டார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். கடைசியில் கூகியால் தட்ட முடியவில்லை.

ஊரில் எழுத்தறிவு வகுப்புகள் தொடங்கின. அதிலிருந்து நாடகம் பிறந்தது. 'ங்காஹிகா ந்டேண்டா' என்று பெயர். விரும்பும்போது மணம் செய்துகொள்வேன் என்று பொருள். கூகி வா மிரீ என்ற இன்னொரு கூகியும் சேர்ந்து எழுதினார். மொழி, அந்த ஊர் பேசும் கிகுயு. எழுதிய பிரதியை ஊர்க்காரர்கள் வரிக்கு வரி திருத்தினார்கள்: கிழவர் இப்படிப் பேச மாட்டார், இந்தப் பாட்டின் அடி தவறு, தோட்டக்கூலி இவ்வளவு இல்லை, இவ்வளவுதான். அரங்கத்தையும் அவர்களே கட்டினார்கள். முதலில் தீக்குச்சிகளை அடுக்கி மாதிரி செய்து பார்த்துவிட்டு, பிறகு இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய திறந்தவெளி அரங்கை எழுப்பினார்கள்.

கதை எளிமையானது. கிகூண்டா ஒரு பண்ணைக்கூலி. அவனுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. பட்டாவைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறான். அந்த நிலத்தின் மீது ஒரு தொழிற்சாலைக்குக் கண். முதலாளி கியோய் நல்லவன்போல் வீட்டுக்கு வருகிறான். நீயும் உன் மனைவியும் தேவாலயத்தில் முறைப்படி திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறான். தன் மகளை அவன் மகனுக்குக் கேட்கத்தான் இதெல்லாம் என்று நம்பிய கிகூண்டா, பட்டாவை வங்கியில் அடமானம் வைத்துக் கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்குகிறான். பிறகு நடப்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். நிலம் ஏலத்துக்கு வருகிறது. எடுப்பவன் கியோய்.

எங்கள் வட்டத்தில் இந்த நாடகத்தை வாய்விட்டுப் படித்த அன்று, வழக்கமாகப் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் நடுவில் நிறுத்தினார். "அந்தப் பத்திரத்தை அவன் திருப்பவே முடியாதா?" என்று கேட்டார். அவர் குடும்ப நிலம் அப்படிப் போனது என்று பிறகுதான் தெரிந்தது.

1977 அக்டோபர் தொடக்கத்தில் நாடகம் அரங்கேறியது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் வந்து பார்த்தார்கள். ஆறே வாரம். நவம்பர் 16 அன்று அரசு அனுமதியை ரத்து செய்தது. அந்த ஆண்டின் கடைசி நாள், டிசம்பர் 31 அன்று, கூகியைக் கைது செய்தார்கள். வழக்கில்லை, விசாரணையில்லை. கமிட்டிச் சிறையில் ஏறத்தாழ ஓராண்டு. அங்கே அவருக்குப் பெயரில்லை, எண்தான்: கே6,77.

இத்தனைக்கும் அவர் அதற்கு முன்பே ஆங்கில நாவல்களில் அரசைக் கடுமையாகச் சாடியிருந்தார். அதற்கெல்லாம் வராத கோபம், கூலிக்காரர்களின் மொழியில் கூலிக்காரர்களே நடித்தபோது வந்தது. இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

கழிப்பறைக் காகிதத்தில் நாவல் எழுதினார் என்பது உண்மையா?

உண்மை. சிறையில் கொடுத்த காகிதம் சொரசொரப்பானது. கைதிகளின் உடம்புக்கு அது தண்டனை. ஆனால் பேனாவின் மையை நன்றாகத் தாங்கியது. இனி கதை எழுதினால் கிகுயுவில்தான் எழுதுவேன் என்று சிறைக்குள்தான் முடிவெடுத்தார். ஒரு சோதனையின்போது எழுதியவற்றையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனார்கள். சில வாரம் கழித்து அதிகாரி, இதில் தவறாக எதுவும் இல்லை, ஆனால் ரொம்பக் கடினமான கிகுயுவில் எழுதுகிறீர்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அந்த நாவல்தான் 1980-ல் வெளிவந்தது. தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரில் படிக்கலாம். கொள்ளையடிப்பதில் தாங்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று திருடர்களும் கொள்ளைக்காரர்களும் போட்டிபோட்டுப் பேசும் மாநாடு அதில் வருகிறது. இரவல் மூலதனத்தில் கொழுத்தவர்கள் ஒவ்வொருவராக மேடையேறித் தங்கள் பெருமையைச் சொல்லும் அந்தப் பக்கங்களைச் சிரிக்காமல் படிக்க முடியாது. படித்து முடித்தபின் சிரித்ததற்காக வருத்தப்படாமலும் இருக்க முடியாது. பின்னாளில் தெலுங்குக் கவிஞர் வரவர ராவும் தம் சிறைவாசத்தின்போதுதான் இந்த நாவலை மொழிபெயர்த்தார்.

எழுதப் படிக்கத் தெரியாத ஏழைக்கு நாவலால் என்ன பயன்?

நல்ல கேள்வி. அந்த எழுத்தாளர்களையே உறுத்திய கேள்வி.

கூகியின் நாவல் வந்ததும் கென்யாவில் அது வாசிக்கப்பட்ட விதமே வேறு. மாலையில் வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் படிக்க, குடும்பம் சுற்றி உட்கார்ந்து கேட்டது. பஸ்களில் படித்தார்கள். மதுக்கடைகளில் ஒருவர் உரக்கப் படிப்பார். விறுவிறுப்பான கட்டத்தில் நிறுத்திக் காலிக் கோப்பையைக் கீழே வைப்பார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதை நிரப்பச் சொன்ன பிறகுதான் கதை தொடரும். நம் ஊர்த் திண்ணையில் பாரதம் படித்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

செனகலின் செம்பேன் உஸ்மான் இன்னொரு வழியில் போனார். 1923-ல் சிகின்ஷோர் என்ற ஊரில் பிறந்தவர். பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். தொழிற்சங்கத்தில் சேர்ந்தார், தாமாகவே படித்தார். 1947 அக்டோபரில் தொடங்கி ஐந்து மாதத்துக்கும் மேல் நீடித்த டக்கார்–நைஜர் ரயில்வே வேலைநிறுத்தத்தை வைத்து அவர் எழுதிய நாவல் 1960-ல் வந்தது. கம்பெனி தண்ணீரை நிறுத்துகிறது, கடைக்காரன் கடனை நிறுத்துகிறான். சமைக்க ஒன்றுமில்லாத பெண்கள் ஊர்வலமாக டக்காருக்கு நடக்கிறார்கள். அந்த நாவல் பிரெஞ்சில் இருந்தது. அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களால் படிக்க முடியவில்லை. அதனால் நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோவுக்குப் போய்த் திரைப்படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். சினிமாவை மக்களின் இரவுப் பள்ளி என்று சொல்லி வந்தார்.

1968-ல் அவர் எடுத்த 'மண்டாபி', செனகல் மக்கள் பேசும் வொலோஃப் மொழிப் படம். பாரிசில் தெரு கூட்டும் மருமகன் 25,000 ஃபிராங்குக்கு மணியார்டர் அனுப்புகிறான். வேலையில்லாத இப்ராகிமா தியெங் அதை வாங்கப் போகிறார். அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறந்த தேதி அவருக்கே தெரியாது. புகைப்படம் வேண்டும், முத்திரைத்தாள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காசு வேண்டும். பணம் வந்த செய்தி மட்டும் ஊருக்குள் பரவிவிட்டதால் கடன் கேட்பவர்களும் கடன் கொடுத்தவர்களும் வாசலில் நிற்கிறார்கள். கடைசியில் படித்த உறவினன் ஒருவன் உதவுவதாகச் சொல்லி முழுப் பணத்தையும் சுருட்டிக்கொள்கிறான். ரேஷன் அட்டைக்கோ முதியோர் உதவித்தொகைக்கோ அலைந்த எவருக்கும் அந்த மனிதரின் செருப்புத் தேய்வது கண்ணில் தெரியும்.

கவிதைக்கும் இப்படி ஒரு வழி கிடைத்தது. நைஜீரியாவின் நியி ஒசுண்டரே 1980களில் ஒரு ஞாயிறு நாளிதழில் வாரந்தோறும் கவிதை எழுதினார். புத்தகம் வாங்கக் காசில்லாதவர் கையிலும் செய்தித்தாள் போய்ச் சேரும் என்பது அவர் கணக்கு.

பிச்சைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்வதாக ஒரு நாவல் இருக்கிறதாமே?

1979-ல் வந்தது. எழுதியவர் செனகலின் அமினாட்டா சோ ஃபால். எங்கள் பட்டியலில் நான் முதலில் கையில் கொடுக்கும் புத்தகம் இது.

நகரத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் வர வேண்டும். பிச்சைக்காரர்கள் கண்ணை உறுத்துகிறார்கள். பொதுச் சுகாதாரத் துறை அதிகாரி மூர் நிஜாயே அவர்களைத் துரத்த உத்தரவிடுகிறார். தடியடி, சாவு. பொறுத்தது போதும் என்று பிச்சைக்காரர்கள் ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் கூடி, இனி கையேந்தப் போவதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். இங்கேதான் கதையின் முடிச்சு. அது தர்மம் கொடுப்பதை மார்க்கக் கடமையாகக் கொண்ட சமூகம். வியாபாரம் கூட வேண்டும், நோய் தீர வேண்டும், பதவி வேண்டும் என்று எதற்கும் நேர்ந்துகொண்டு தர்மம் செய்கிறவர்கள், வாங்க ஆளில்லாமல் தவிக்கிறார்கள். துணை ஜனாதிபதிப் பதவிக்கு ஆசைப்படும் மூர் நிஜாயேயிடமே அவருடைய குரு, மாட்டை அறுத்து ஊரின் பிச்சைக்காரர்களுக்குப் பகிர்ந்து கொடு என்கிறார். தாம் விரட்டியவர்களை அவரே தேடிப்போய்க் கெஞ்ச வேண்டிய நிலை.

கொடுக்கிறவர் தமக்காகக் கொடுக்கிறார், வாங்குகிறவருக்காக அல்ல என்பதை இத்தனை தெளிவாகச் சொன்ன வேறு கதையை நான் படித்ததில்லை. அதில் ஒரு நீண்ட சொற்பொழிவு கூடக் கிடையாது.

கென் சாரோ-விவாவைத் தூக்கிலிட்டது ஏன்?

நைஜர் கழிமுகத்தில் ஒகோனி என்ற சிறு இனம். ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். பயிர்செய்தும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள். 1958-ல் அவர்கள் மண்ணில் எண்ணெய் கிடைத்தது. ஷெல் கம்பெனியும் நைஜீரிய அரசும் எடுத்தன. ஒகோனி மக்களுக்குக் கிடைத்தவை குழாய் உடைந்து வயலில் ஓடிய கச்சா எண்ணெயும், இரவும் பகலும் எரிந்த எரிவாயுச் சுடரும். மின்சாரமும் குழாய்நீரும் அவர்களில் பெரும்பாலோருக்கு எட்டவே இல்லை.

சாரோ-விவா நாவலாசிரியர். போருக்கு இழுத்துச் செல்லப்பட்ட கிராமத்து இளைஞனின் உடைந்த ஆங்கிலத்திலேயே 1985-ல் ஒரு நாவல் எழுதியவர். நைஜீரியத் தொலைக்காட்சியில் பல கோடிப் பேர் பார்த்துச் சிரித்த நகைச்சுவைத் தொடரின் ஆசிரியரும் அவரே. வசதியாக வாழ்ந்திருக்கலாம். 1990-ல் ஒகோனி உரிமைப் பிரகடனம் உருவானதில் முன்னின்றார். 1993 ஜனவரி 4 அன்று மூன்று லட்சம் பேர் என்று கணக்கிடப்பட்ட கூட்டம் அமைதியாக ஊர்வலம் போனது. அதாவது அந்த இனத்தில் பாதிக்கு மேல் தெருவில் நின்றது. அந்த ஆண்டே ஷெல் ஒகோனிப் பகுதியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்திக்கொண்டது.

1994 மே மாதம் ஒகோனித் தலைவர்கள் நால்வர் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார்கள். அந்தப் பழியைச் சாரோ-விவா மீது போட்டார்கள். ராணுவ ஆட்சி அமைத்த தனி நீதிமன்றம் விசாரித்தது. இது நீதியில்லை என்று அவருடைய வழக்கறிஞர்கள் வெளியேறினார்கள். உலகத் தலைவர்கள் கேட்டும் பயனில்லை. 1995 நவம்பர் 10 அன்று போர்ட் ஹார்கோர்ட் சிறையில் அவரையும் இன்னும் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டார்கள். காமன்வெல்த்திலிருந்து நைஜீரியா இடைநீக்கம் செய்யப்பட்டது.

காவலில் இருந்தபோது அயர்லாந்தைச் சேர்ந்த மஜெல்லா மெக்காரன் என்ற கன்னியாஸ்திரீக்கு அவர் கடிதங்கள் எழுதினார். ரொட்டிக் கூடைக்குள் ஒளித்து அவை வெளியே வந்தன. சாவு நெருங்குவதை அறிந்த ஒரு மனிதர் அந்தக் கடிதங்களில் ஊர்ப் பணிகளைப் பற்றியும் நண்பர்களின் நலம் பற்றியும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவற்றைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

எல்லாப் பழியையும் வெள்ளைக்காரர்கள் மேலும் கம்பெனிகள் மேலும் போட்டுவிடுகிறார்களா?

இல்லவே இல்லை. சொந்த ஆட்சியாளர்களைத்தான் இவர்கள் அதிகம் திட்டியிருக்கிறார்கள். கானாவின் அயி குவேய் அர்மா 1968-ல் எழுதிய நாவலில் லஞ்சம் வாங்க மறுக்கும் ரயில்வே எழுத்தர் ஒருவர், வீட்டிலேயே பைத்தியக்காரராகப் பார்க்கப்படுகிறார். நைஜீரியாவின் கோளாறு மண்ணிலோ மக்களிலோ இல்லை, தலைமையில்தான் என்று அந்நாட்டு நாவலாசிரியர் சினுவா அச்செபே 1983-ல் ஒரு சிறு நூலே எழுதினார். நாட்டின் உயர்ந்த விருதுகளில் ஒன்றை 2004-லும் 2011-லும் வேண்டாமென்றார். மலாவியின் கவிஞர் ஜாக் மப்பாஞ்ஜேயை அந்நாட்டுச் சர்வாதிகாரி 1987-ல் சிறையில் போட்டு மூன்றரை ஆண்டுக்கு மேல் வைத்திருந்தார். குற்றம் என்னவென்று கடைசிவரை சொல்லவில்லை.

நாடுகளின் கடனுக்கும் கவிஞர்களுக்கும் என்ன தொடர்பு?

தான்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரேயை அந்நாட்டினர் 'ஆசிரியர்' என்றே அழைத்தார்கள். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தை 1969-ல் சுவாஹிலியில் பெயர்த்தவர் அவர். வணிகன் என்ற சொல்லை 'முதலாளிகள்' என்று மாற்றித் தலைப்பு வைத்தார். கடனுக்கு ஈடாக ஒரு ராத்தல் சதையைக் கேட்கும் அந்தக் கதையைப் பெயர்த்தவரே 1980களில் உலகின் முன் கேட்டார்: கடனை அடைக்க எங்கள் குழந்தைகளைப் பட்டினி போட வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவின் டென்னிஸ் புரூட்டஸ், நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போலீஸின் குண்டை முதுகில் வாங்கியவர், ராபன் தீவுச் சிறையில் கல் உடைத்தவர், கவிஞர். நிறவெறி ஒழிந்த பிறகு பதவியைத் தேடாமல், ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்யக் கோரும் ஜூபிலி இயக்கத்துக்காக 2009-ல் சாகும்வரை ஊர் ஊராகப் பேசினார். மக்களை ஒடுக்க வாங்கிய கடனை அந்த மக்களே ஏன் வட்டியோடு கட்ட வேண்டும் என்பது அவர் கேள்வி. இதற்கு இன்றுவரை நேர்மையான பதிலை நான் கேட்டதில்லை.

வறுமையை இப்படி எழுதுவது அந்த மக்களைக் காட்சிப்பொருளாக்குவது ஆகாதா?

ஆகலாம். அந்தக் கோபம் அங்கேயே உண்டு. கென்யாவின் பின்யவாங்கா வைனைனா 2005-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஆப்பிரிக்காவைப் பற்றி எழுத வருகிற வெளியாட்களின் தேய்ந்த வழக்கங்களைக் கிழித்துத் தொங்கவிட்டது.

ஜிம்பாப்வேயின் நோவயலெட் புலவாயோ 2013-ல் எழுதிய நாவலில் ஒரு காட்சி. 2005-ல் அந்நாட்டு அரசு நகரக் குடிசைகளை இடித்துத் தள்ளியதில் ஏழு லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்தார்கள் என்று ஐ.நா. கணக்கிட்டது. அப்படித் துரத்தப்பட்டவர்களின் குடிசைப்பகுதியில் வாழும் குழந்தைகள், பணக்காரத் தெருக்களின் கொய்யாமரங்களில் திருடிப் பசியாறுகிறார்கள். கொய்யா தின்றே மலம் இறுகி வலியில் துடிக்கிறார்கள். தொண்டு நிறுவன வண்டி பொம்மைகளோடு வருகிறது. பொருளுக்கு முன் புகைப்படம். கிழிந்த துணியைக் கேமரா பார்க்கிறது என்று குழந்தைக்குத் தெரிகிறது. கூச்சத்தைப் பொருட்படுத்தாமல் படமெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் காட்சியைக் கேமராவின் பக்கமிருந்து எழுதாமல் குழந்தையின் பக்கமிருந்து எழுதியிருக்கிறார். உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பசியை நேரில் அனுபவித்தவர்கள் எழுதியது உண்டா?

மொராக்கோவின் மொஹமது சுக்ரி. 1935-ல் பிறந்தார். 1940களின் பஞ்சத்தில் குடும்பம் ரீஃப் மலைப் பகுதியிலிருந்து தஞ்சியருக்கு நடந்தது. குப்பையில் உணவு பொறுக்கினார். பசியில் அழுத தம்பியைத் தகப்பனே கழுத்தை நெரித்துக் கொன்றதைக் கண்ணால் கண்டார். இருபது வயதுவரை அவருக்கு எழுத்து தெரியாது. தம் வரலாற்றை அரபியில் எழுதினார். ஆனால் 1973-ல் ஆங்கிலத்தில்தான் முதலில் வந்தது. 1982-ல் அரபியில் வந்தது. அடுத்த ஆண்டே மொராக்கோவில் தடை. 2000 வரை தடை நீடித்தது. மனம் தாங்கும் நாளில் மட்டும் எடுத்துப் படியுங்கள்.

பெண்பிள்ளைகளின் வறுமையை யார் எழுதினார்கள்?

பலர். எனக்குப் பிடித்தவர் ஜிம்பாப்வேயின் சிட்சி டங்கரெம்பா. 1988-ல் வந்த அவர் நாவலில், அண்ணனைப் படிக்கவைக்கப் பணம் இருக்கிறது, தாம்புவைப் படிக்கவைக்க இல்லை. கொஞ்சம் விதை கொடுங்கள், நானே மக்காச்சோளம் விளைவித்து விற்றுப் பள்ளிக் கட்டணம் கட்டிக்கொள்கிறேன் என்கிறாள் அந்தச் சிறுமி. விடியுமுன் எழுந்து களையெடுக்கிறாள். கதிர் முற்றியதும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. திருடித் தன் நண்பர்களுக்குக் கொடுத்தவன் அவள் அண்ணன். அவள் அவன்மேல் பாய்ந்து அடிக்கும் இடம் வரும்போது எங்கள் வட்டத்துப் பெண்கள் கைதட்டினார்கள்.

2020 ஜூலை 31 அன்று டங்கரெம்பா ஹராரே தெருவில் கையில் பதாகையோடு நின்றார், கைது செய்தார்கள். 2022-ல் தண்டனை, 2023-ல் மேல்முறையீட்டில் விடுதலை.

இவ்வளவு எழுதி எதுவும் மாறியதா?

பசி ஒழியவில்லை. 2011-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஒகோனி மண்ணை ஆராய்ந்து, சுத்தம் செய்ய 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றது. ஓர் ஊரின் குடிநீர்க் கிணறுகளில் பென்சீன் என்ற நச்சுப்பொருள், அனுமதித்த அளவைவிட 900 மடங்குக்கு மேல் இருந்தது. சாரோ-விவாவின் குடும்பத்தினரும் மற்றவர்களும் அமெரிக்காவில் தொடுத்த வழக்கில் 2009-ல் ஷெல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 1.55 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. 2025 ஜூனில் நைஜீரிய அரசு ஒன்பது பேருக்கும் மன்னிப்பு அறிவித்தது. செய்யாத குற்றத்துக்கு எதற்கு மன்னிப்பு, குற்றமற்றவர்கள் என்று அறிவியுங்கள் என்று கேட்கிறவர்கள் பக்கம்தான் நானும்.

கமிரீத்துவின் அரங்கத்தை 1982 மார்ச்சில் மூன்று லாரி நிறையப் போலீஸார் வந்து தரைமட்டமாக்கினார்கள். கூகி 2004 வரை நாட்டுக்குத் திரும்ப முடியாமல் போனது. 2025 மே 28 அன்று அமெரிக்காவில் காலமானார். ஆனால் அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2022 மே மாதத்தில், அந்த நாடகம் நைரோபியில் கென்ய தேசிய அரங்கில் ஆங்கிலத்திலும் கிகுயுவிலும் நடந்தது.

தமிழில் எதிலிருந்து தொடங்கலாம்?

அச்செபேயின் முதல் நாவல் 'சிதைவுகள்' என்ற பெயரில் என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன் அந்த மக்கள் எப்படி உழுதார்கள், எப்படி வழக்கு தீர்த்தார்கள் என்று தெரிந்துகொண்டு மேலே போகலாம். அடுத்து கூகி. ஆங்கிலம் படிக்க முடிந்தவர்கள் சோ ஃபாலின் நாவலைத் தேடுங்கள். மெலிந்த புத்தகம், இரண்டே மாலையில் முடிந்துவிடும். நாடகம் கிடைத்தால் தனியாகப் படிக்காதீர்கள். நான்கு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டு, உரக்கப் படியுங்கள்.